ஃபெலிக்ஸ் ஐந்தில் ஒரு குதிரை

டக் என்று ஒரு சத்தம். மரத்தின் மேல் மரம் விழுந்து, அரைச் சுற்று உருண்டு நின்றது. பூங்கோதை டீச்சர் தலையை நிமிர்த்தினாள். விழுந்தது யாருடைய காய்? எதிரில் உட்கார்ந்திருக்கும் இன்பராஜின் பலகையிலிருந்தா, தன் பலகையிலிருந்தா? புடவைத் தலைப்பு எதையாவது தட்டிவிட்டதா? தலைப்பை இழுத்து இடுப்பில் செருகித்தானே உட்கார்ந்தோம், செருகினோமா, சாப்பாட்டுக்குப் பிறகு கைகழுவப் போனபோது எடுத்துவிட்டதோடு சரியா? அவள் யோசித்து முடிப்பதற்குள் எதிரிலிருந்து குரல் வந்தது. "ராணி, அன்னா ரெண்டு. எடுக்குது." விதிப்படி அவளும் திருப்பிச் சொன்னாள், "ராணி, அன்னா ரெண்டு, எடுக்குது." சொல்லிவிட்டுத் தன் பலகையில் அவனுடைய ராணியை உருவி, தன் சிப்பாய் ஒன்றைத் தூக்கித் தட்டில் போட்டு, அந்தக் குழியில் ராணியைச் செருகினாள். ஆளுக்கு ஒரு பலகை. கட்டத்துக்கு ஒரு குழி. காய்க்குக் கீழே ஒரு முளை. கறுப்புக் கட்டம் கொஞ்சம் மேடு, வெள்ளைக் கட்டம் கொஞ்சம் பள்ளம். கறுப்புக் காயின் தலையில் ஒரு ஊசிமுனை, வெள்ளைக் காயின் தலை மொழுமொழு. பார்வையில்லாதவர்களின் சதுரங்கம் இவ்வளவுதான். பத்து வயதில் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது. எட்டு வரிசைக்கும் எந்த ஊர்க்காரர்கள் என்றே தெரியாத எட்டுப் பேருடைய பெயர்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். சின்ன வயதில் அவளுக்கு அது ஒரு தெரு மாதிரி. அன்னா வீடு முதல் வீடு, ஹெக்டர் வீடு கடைசி வீடு, எல்லார் வீட்டுக்கும் எட்டு மாடி. அந்தத் தெருவில்தான் இப்போது திருச்சியின் ஒரு கல்யாண மண்டபத்தில், கடைசிச் சுற்றில், மேலே மின்விசிறி கடகடவென்று ஆட, அவளுடைய ஆயுசு மொத்தமும் போய் நின்றுகொண்டிருக்கிறது. ஜெயித்தால் இந்திய அணி. சமன் செய்தால்கூட எதிரில் இருக்கும் பையன்தான் போவான். இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பியாயிற்று. நாற்பத்தொரு வயதில் நான்காவது வாசல் எவன் திறந்துவைக்கப் போகிறான்?

முதலில் காய் விழுந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். இடது கையை மெல்லப் பலகையின் மேல் ஓடவிட்டாள். வலது கை இன்றைக்கு விடுமுறை. முந்தாநாள் இந்தப் புடவையைத் தேய்க்கும்போது, தலைக்குள் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்ததால், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இஸ்திரிப் பெட்டியின் அடியைத் தொட்டுவிட்டன. "குடு, நான் தேச்சுத் தர்றேன்னு சொன்னேனா இல்லையா" என்று சண்முகவேல் கத்தினார். சொன்னார்தான். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறார், அவளும் கல்யாணமான நாளிலிருந்து கொடுக்கவில்லை. இப்போது அந்த இரண்டு விரலிலும் கொப்புளம், அதன் மேல் பிளாஸ்திரி. படித்ததெல்லாம், எம்.ஏ. வரைக்கும், அந்த விரலால் படித்ததுதான். இடது கை பிரெய்ல் தாளை அழுத்திப் பிடித்துக்கொள்ள மட்டும் பழகிய கை, பள்ளிக்கூடம் போகாத தங்கச்சி மாதிரி. அந்தத் தங்கச்சி இப்போது போய், ஒவ்வொரு வீடாகத் தட்டி, யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருகிறாள். பெல்லா இரண்டில் மந்திரி, நம்ம ஆள். சரி. குஸ்தாவ் எட்டில் அவனுடைய ராஜா, ஊசி குத்துகிறது, சரி. ஃபெலிக்ஸ் எட்டில் அவனுடைய யானை. ஏழில் சிப்பாய். ஹெக்டர் ஏழில் இன்னொரு சிப்பாய். எல்லாரும் இருக்கிறார்கள், யாரும் விழவில்லை. ஃபெலிக்ஸ் ஐந்தில் குதிரை. அங்கேதான் கை நின்றது. குதிரை இருக்கிறது, ஆனால் அதன் தலையில் ஏதோ இருக்கிறது. ஊசிமுனை இல்லை. மொழுமொழுவும் இல்லை. ஒரு துளி. காய்ந்த துளி. ஐயோ, இது நிஷாவின் நகப்பூச்சு அல்லவா? ஹாஸ்டலில் கறுப்புக் குதிரை ஒன்றின் ஊசி ஒடிந்துபோனபோது, பக்கத்துக் கட்டில் பரக்கத்நிஷா தன் நகப்பூச்சிலிருந்து ஒரு சொட்டு அதன் தலையில் விட்டு ஊதி ஊதிக் காயவைத்தாள். "என்ன கலர்டி?" என்று கேட்டதற்கு, "கடைக்காரன் சிவப்புன்னான். நமக்கென்ன, கறுப்புக் குதிரை சிவப்புத் தொப்பி போட்டுட்டுப் போகட்டும்" என்றாள். இருபத்தைந்து வருஷமாக அந்தத் தொப்பி தேய்ந்து தேய்ந்து, வலது கைக்குத்தான் அடையாளம் நிச்சயமாகத் தெரியும். புதுப் பலகை வாங்கு, வாங்கு என்று சங்கத்தில் எத்தனை பேர் சொன்னார்கள். அதையும் கேட்கவில்லை.

தலைக்குள் இருக்கும் பலகையில் ஃபெலிக்ஸ் ஐந்தில் நிற்பது அவளுடைய வெள்ளைக் குதிரை. அதில் சந்தேகமே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் ஒரு குதிரையை அங்கே கொண்டுபோய் வைத்தாள். அவன் தன் குதிரையால் அதை வெட்டினான். அவள் தன் இரண்டாவது குதிரையால் அவனை வெட்டினாள். வெட்டினவள் அவள், ஆக நிற்பது அவளுடையது. கணக்கு சரிதானே? ஆனால் கைக்குள் நிற்பது தொப்பிக்காரன். அப்படியானால் வெட்டும்போது இடது கை தடுமாறி, அவன் குதிரையைத் தூக்குவதற்குப் பதில் தன் குதிரையையே தட்டில் போட்டுவிட்டதா? அல்லது அவள் வெட்டவே இல்லையா? வெட்ட நினைத்ததை வெட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாளா? வாய்விட்டுச் சொன்னாளே. சொன்னாளா? தட்டில் கைவிட்டுத் துழாவினாள். குதிரைகள் மூன்று. ஒன்றின் தலையில் ஒழுங்கான ஊசி, அது எப்போதோ வெட்டுப்பட்ட அவனுடைய இன்னொரு குதிரை. மற்ற இரண்டையும் தடவினால் இரண்டும் மொழுமொழுவென்று இருந்தன. இன்னொரு தடவை தடவினால் ஒன்றில் ஏதோ இருப்பதுபோல் இருந்தது. மூன்றாம் தடவை இரண்டிலுமே இருந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு வலது விரலால் தொட்டுப் பார்த்தாள். எரிந்தது. எரிச்சல் மட்டும்தான் தெரிந்தது, குதிரை தெரியவில்லை. மேசையைத் தொட்டாலும் அதே எரிச்சல்தான். பலகையில் இருக்கும் குதிரையை உருவி உதட்டில் வைத்துப் பார்த்தால் பட்டென்று தெரிந்துவிடும், உதடு பொய் சொல்லாது. ஆனால் காயை எவ்வளவு வேண்டுமானாலும் தடவலாம், குழியிலிருந்து உருவிவிட்டால் ஆடியாக வேண்டும். எதிராளியின் காயை உருவினால் அதை வெட்டியாக வேண்டும். உருவாமல் குனிந்து உதட்டால் தொடலாம் என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. கல்யாண மண்டபத்தில் ஒரு பத்தாம் வகுப்பு வரலாற்று டீச்சர் பலகைக்கு முத்தம் கொடுத்தாள் என்று நாளைக்குத் திண்டுக்கல் முழுக்கப் பேசுவார்கள்.

எதிரில் இருப்பவன் சிரிக்கிறானோ? மூக்கால் மெல்ல ஒரு மூச்சு விட்டான். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகினான், குடிக்கவில்லை, மறுபடி மூடினான். இருபத்துமூன்று வயசாம், பாளையங்கோட்டையில் சட்டம் படிக்கிறானாம், பிறவியிலேயே பார்வை கிடையாதாம். வந்ததிலிருந்து ஐந்து பேரை ஊதித் தள்ளியிருக்கிறான். இவனை மாதிரிப் பையன்களுக்குப் பலகையே தேவையில்லை என்று காலையில் டீக்குடிக்கும்போது யாரோ சொன்னார்கள். அவன் கால் மேசைக்குக் கீழே ஆடுகிறது, மேசை லேசாக நடுங்குகிறது. எலியைப் பிடித்து வைத்திருக்கும் பூனைக்கு வால் ஆடும் என்பார்களே, அதுதான். அவனுக்குத் தெரியும். அவள் ஃபெலிக்ஸ் ஐந்தில் கோட்டைவிட்டது அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும், அதனால்தான் அத்தனை தெனாவெட்டாக ராணியை அன்னா இரண்டுக்குக் கொண்டுவந்து பக்கத்து வீட்டு மந்திரியின் கழுத்தில் கை வைத்திருக்கிறான். ஃபெலிக்ஸ் ஐந்தில் நிற்பது அவனுடைய குதிரை என்றால் மந்திரியைக் காப்பாற்ற ஓட வேண்டும், ஓடினாலும் மிஞ்சுவது தோல்விதான், கொஞ்சம் மெதுவான தோல்வி. நிற்பது அவளுடைய குதிரை என்றால்? என்றால் அவன் செய்தது பைத்தியக்காரத்தனம். அவள் குதிரையைத் தூக்கி ஹெக்டர் ஆறில் வைக்கலாம். பெல்லா இரண்டிலிருந்து மந்திரி தெருவின் குறுக்கே நீளமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ராஜாவுக்குப் பின்பக்கமும் போக வழியில்லை, முன்பக்கமும் போக வழியில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அவனுடைய ஆட்களே. மேட். ஆட்டம் முடிந்தது. ஒரே நகர்த்தல். ஐந்து பேரை ஊதித் தள்ளியவன் அப்படி ஒரு பள்ளத்தில் தானாக வந்து விழுவானா? விழமாட்டான். ஆக அது அவனுடைய குதிரை. ஆனால் வெட்டினவள் அவள். வெட்டினவள் அவள் என்றால் அவன் ஏன் விழுந்தான்? அவன் விழவில்லை என்றால் அவள் எப்படி வெட்டினாள்? மண்டை காய்ந்தது. அவனுடைய குதிரையைத் தன்னுடையது என்று நினைத்து "ஹெக்டர் ஆறு" என்று சொல்லிவிட்டால் அது செல்லாத ஆட்டம், தண்டனை, அதைவிட அந்தச் சிரிப்பு. எதிராளியின் குதிரையில் ஏறி சவாரி போன டீச்சர்.

தலையை நம்பலாமா? தலை என்ன அவ்வளவு யோக்கியமா? ஆறு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போவதற்கு முன்னால் அவள் கடைசியாகப் பார்த்து மனதில் நின்றது ஒரு பஸ். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற சிவப்புப் பஸ். முப்பத்தைந்து வருஷமாகச் சிவப்பு என்றால் அவளுக்கு அந்தப் பஸ்தான். கூட்டத்தில் கட்சிக்கொடி என்றாலும், மிளகாய்ப்பொடி என்றாலும், நிஷாவின் நகப்பூச்சு என்றாலும், அந்தப் பஸ்ஸிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்து அதன் மேல் பூசித்தான் புரிந்துகொள்வாள். போன பொங்கலுக்கு அண்ணன் குமரேசன் பேச்சுவாக்கில், "அந்தப் பஸ்ஸா, அது பச்சைல்ல? நம்ம ஊருக்கு வந்ததே அந்த ஒரு பச்சைப் பஸ்தானே" என்று சொல்லிவிட்டுக் கரும்பைக் கடித்தான். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது, பஸ் பச்சையாம் என்று அழ முடியுமா? அண்ணனுக்கும் அப்போது வயது எட்டுதான், அவனும் தப்பாகச் சொல்லலாம். ஆனால் அவனுக்குக் கண் இருக்கிறது. கண் இருக்கிறவன் தப்பாகச் சொன்னால் மறதி, அவள் தப்பாகச் சொன்னால் மட்டும் பாவம், பார்வை இல்லையே என்பார்கள். ஒரு பஸ்ஸையே ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத தலை ஒரு குதிரையை வைத்துக்கொள்ளுமா? மின்விசிறி கடகடத்தது. சமையல்கூடத்தில் யாரோ பாத்திரத்தை இழுத்தார்கள். காதில் மாட்டியிருந்த கடிகாரம், வேறு யாருக்கும் கேட்காமல், நேரம் குறைந்துகொண்டே வருவதை ஒரு பெண்குரலில் சொன்னது. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவே இல்லை.

கேட்டுவிடலாம். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டு, பலகையைச் சரிபார்க்க வேண்டும் என்று சொன்னால் போதும், விதியில் இடமிருக்கிறது. எல்லா நகர்த்தலையும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். இரண்டு நிமிட வேலை. ஆனால் கேட்பது என்பது பூங்கோதைக்கு வராத வித்தை. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் "யாரும்மா அது" என்று அவள் ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை. வளையல் சத்தம், செருப்பு தேய்க்கும் விதம், தலையில் வைத்த பூ, எதையாவது வைத்துப் பெயர் சொல்லிவிடுவாள். டீச்சருக்குப் பின்னாலயும் கண்ணு இருக்கு என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதில் ஒரு கர்வம். ஒரு தடவை கலைமதி என்று நினைத்து ஒரு பாடவேளை முழுக்க வேறொரு பெண்ணைக் கலைமதி, கலைமதி என்று கூப்பிட்டு, அந்தப் பெண்ணும் பயந்துபோய்க் கலைமதியாகவே எழுந்து எழுந்து பதில் சொல்லி, கடைசியில் மணி அடித்த பிறகு, "டீச்சர், கலைமதி இன்னிக்கு லீவு" என்றது. கேட்டிருந்தால் ஒரு வினாடி. கேட்காததால் முக்கால்மணி நேரம் இல்லாத ஒருத்திக்கு அக்பரை நடத்தியிருக்கிறாள். அதற்காக இப்போது கேட்டுவிட முடியுமா? ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கரூரில் ஒருமுறை கேட்டாள். புதுசாக வந்த நடுவர், பார்வையுள்ளவர், அந்த ஹாலுக்கே கேட்கிற மாதிரி, "இந்தம்மாவுக்கு போர்டு மறந்துபோச்சாம்" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்த ஆட்டத்தில் அவள் ஜெயித்தாள், ஆனால் இன்றைக்கு வரைக்கும் நினைவில் இருப்பது அந்தச் சிரிப்புதான். அது மட்டுமா? கேட்டால் பதில் வந்துவிடுமே, அதுதான் பயம். இந்த நிமிஷம் வரைக்கும் அது அவளுடைய குதிரையாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டால் ஒன்றுதான் மிஞ்சும். ஆறு வயதில் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய கண்கட்டை அவிழ்க்கும்போது அம்மா சொன்னாளாம், இன்னும் ரெண்டு நாள் கட்டிலேயே இருக்கட்டும் சார் என்று. கட்டுக்குள் இருக்கும்வரை பார்வை வந்திருக்கவும் வாய்ப்பு உண்டல்லவா. அம்மாவின் அந்தப் பயத்தை இத்தனை வயதுக்குப் பிறகு, இந்த நாற்காலியில்தான் அவள் சரியாகப் புரிந்துகொண்டாள். புரிந்ததும் அம்மா மேல் பாவமாக இருந்தது, கூடவே கோபமும் வந்தது. இரண்டு நாள் கட்டோடு வைத்திருந்து என்ன ஆயிற்று?

மந்திரியை நகர்த்திவிடலாமா? எந்தக் குதிரையாக இருந்தாலும் அது செல்லும் ஆட்டம், யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரிக்காமலே தோற்கலாம். இடது கை தானாக பெல்லா இரண்டுக்குப் போய் மந்திரியின் தலையைப் பிடித்தது. இன்னும் உருவவில்லை. காதில் அந்தப் பெண் மறுபடி நேரம் சொன்னாள். அப்போது எதிரில் இன்பராஜ் எச்சில் விழுங்கினான். சாதாரணமாக யாருக்கும் கேட்காத சத்தம். பத்தாம் வகுப்பு வரலாற்று டீச்சருக்குக் கேட்கும்; வாய்மொழித் தேர்வில் விடை தெரியாத பிள்ளைகள் இப்படித்தான் விழுங்கும். பூங்கோதை மந்திரியை விட்டுவிட்டாள். இவன் எதற்கு விழுங்குகிறான்? புரியவில்லை. எதுவுமே புரியவில்லை. புரியாத எரிச்சலில், தன் மேலேயே வந்த கோபத்தில், கொப்புளம் விட்ட அந்த வலது கையைத் தூக்கிவிட்டாள். தூக்கிய பிறகுதான் தூக்கியது தெரிந்தது.

"சார்" என்றாள். "பலகையைச் சரிபாக்கணும் சார்."

நடுவர் லோகநாதன் கடிகாரத்தை நிறுத்துவதற்குள், எதிரிலிருந்து பெரிய மூச்சு ஒன்று வந்தது, இத்தனை நேரம் தண்ணீருக்குள் இருந்தவன் விடுவதுபோல.

"யக்கா, உங்களுக்கும் குழம்பிட்டா?" என்றான் இன்பராஜ். "நான் கேக்கணும் கேக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன். தைரியம் வரல பாத்துக்கிடுங்க."

"உனக்கென்ன குழப்பம்?"

"என் பலகையில காயி ஒண்ணு விழுந்துட்டுல்லா. உங்க குதிரை. எந்தக் குழியில இருந்துச்சுன்னு தெரியல. மண்டை ஃபெலிக்ஸ்னுச்சு, கை ஈவான்னுச்சு. ஈவா அஞ்சுல செருகிட்டு, அங்க நின்னா உங்க மந்திரிக்கு வழி மறையும்லான்னு, கையை நம்பி ராணியக் கொண்டாந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரே நடுக்கம். நீங்க வேற பேசாம, அசையாம இருக்கீய. சரி, டீச்சர் நம்மள முடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

"பேசாதீங்க ரெண்டு பேரும்" என்றார் லோகநாதன். ஆனால் அதட்டவில்லை. அவன் பலகையைப் பார்த்தார், அவள் பலகையைப் பார்த்தார், எழுதிவைத்த தாளைப் புரட்டினார். "நல்ல கூத்தா இருக்கே. அங்க வெள்ளைக் குதிரை தப்பான கட்டத்துல நிக்குது. இங்க சரியான கட்டத்துல கறுப்புக் குதிரை நிக்குது. ரெண்டு போர்டும் தப்பு."

"ஃபெலிக்ஸ் அஞ்சு" என்றாள் பூங்கோதை. "என் குதிரை."

"ஃபெலிக்ஸ் அஞ்சு" என்றான் இன்பராஜ், அதே மூச்சில். "அக்கா குதிரை."

லோகநாதன் தாளில் விரல் வைத்துப் பார்த்தார். "ஆமா" என்றார்.

அவன் பலகையைத் திருத்திவிட்டு, அவர் இந்தப் பக்கம் குனிந்து தொப்பிக்காரனை உருவித் தட்டில் போட்டு, அவளுடைய குதிரையை எடுத்து அந்தக் குழியில் செருகும் சத்தம் கேட்டது. கை பொய் சொல்லவில்லை, தொப்பிக்காரன் நிஜமாகவே அங்கே நின்றிருக்கிறான். அவனை அங்கே விட்டதும் அதே கைதான். தலையில் இருந்தது சரி. எதிரில் இருந்தவன் தலையிலும் அதே குதிரை, அதே வீட்டில், இத்தனை நேரமும். ஒரே தெருவில் இரண்டு பேரும் நின்றுகொண்டு, அடுத்தவர் சிரிப்பதாக நினைத்துப் பயந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பஸ் பச்சையாகவும் இருந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் குதிரையை உருவினாள். தலை மொழுமொழுவென்று இருந்தது.

"குதிரை" என்றாள். "ஹெக்டர் ஆறு."

விதிப்படி அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். மேசையின் நடுக்கம் நின்றிருந்தது.

"குதிரை, ஹெக்டர் ஆறு" என்றான் இன்பராஜ். தன் பலகையிலும் அவளுடைய குதிரையை எடுத்துச் செருகினான். ராஜாவைச் சுற்றி அவன் விரல்கள் ஒவ்வொரு கட்டமாகத் தேடிப் பார்ப்பது அவளுக்குக் கேட்டது. பிறகு அவள் சொல்லாததையும் அவனே சொன்னான். "மேட், யக்கா."

பூங்கோதைக்குக் காதில் விழுந்தது, ஆனால் நிஜமாக விழுந்ததா என்று தெரியவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வலது விரல் எரிந்தது.

"தம்பி" என்றாள். "இன்னொரு தடவ சொல்லுப்பா."

அவன் சொன்னான்.